கூதிர்ப் பாசறையும் ஒரு துவிச்சக்கர வண்டியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பயண இலக்கியம் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். நான் அதிகம் பயணம் செய்தவன் அல்லன். ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு நான்கு கிலோமீற்றர். பாடசாலையிலிருந்து வீட்டுக்கு நான்கு கிலோமீற்றர். இன்றும் அந்தத் தூரத்தைத் துவிச்சக்கர வண்டியில்தான் கடக்கிறேன். ஆகவே பயணத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. துவிச்சக்கர வண்டியைப் பற்றிப் பேச ஓரளவு தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கிடைக்காது, கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. வானொலி கேட்பதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி சைக்கிள்தான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரோடு பொருத்தி, அதிலிருந்து ஒரு வயரை வானொலிக்குக் கொடுத்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றினால் குரல் வரும். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். வானொலியில் இலக்கிய உரைகளை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, வானொலியில் ஒருவர் வீண்வார்த்தை பேசினால் இன்றைக்கும் எனக்குக் கை வலிக்கிறது. இன்று அப்படி ஒரு வலியை உங்களுக்குத் தராமல் பேச முயல்கிறேன்.

இந்த உரைக்கான எண்ணம் வகுப்பறையில் பிறந்தது. உயர்தர வகுப்பில் நெடுநல்வாடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது, 188 அடிகள். அதன் முற்பகுதி முழுவதும் குளிர். மழை ஓயாமல் பெய்கிறது. கால்நடைகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்குகள் நடுங்குகின்றன, மரத்தில் இருந்த பறவைகள் விழுகின்றன, கறவை மாடு பால் குடிக்க வந்த கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சேர், பனி எண்டா எங்களுக்கு மார்கழியிலை விடியக்காலமை புல்லிலை இருக்கிற ஈரம். அதுக்கு ஒரு சால்வை காணும். குளிர் ஆளைக் கொல்லுமா, சேர்?”

நல்ல கேள்வி. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர் அவற்றுள் மூன்றைக் குளிருக்கே கொடுத்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனால் நுவரெலியாவைக் கடந்து எங்கும் போயிராத என் போன்ற ஆசிரியன் குளிரை எப்படிக் கற்பிப்பது? உப்பைக் காணாதவனுக்குக் கடலைப் பற்றிச் சொல்வது போன்றதுதான்.

அவளுக்கு விடை சொல்ல எனக்கு உதவியவர்கள் இருவர். ஒருவர் அயர்லாந்து நாட்டு எழுத்தாளர். மற்றவர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, இப்போது நோர்வேயில் வாழும் நண்பர். இருவரும் குளிர்காலத்தில் தனியாகச் சைக்கிள் ஓட்டியவர்கள்.

முதலில் எழுத்தாளரைப் பார்ப்போம். அவர் பெயர் டேர்வ்லா மேர்பி. 1931ஆம் ஆண்டு அயர்லாந்தின் வோட்டர்போர்ட் மாவட்டத்தில் லிஸ்மோர் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் நூலகர். பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன. ஒன்று பழைய சைக்கிள். மற்றது ஒரு தேசப்படப் புத்தகம். சில நாட்களின் பின் ஊருக்கு அருகே ஒரு மேட்டில் சைக்கிளை உழக்கி ஏறும்போது தன் கால்களைக் குனிந்து பார்க்கிறாள் சிறுமி. இந்தக் கால்கள் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று நினைக்கிறாள். பிள்ளைகள் இப்படி ஆயிரம் நினைப்பார்கள், மறந்தும் போவார்கள். இவர் மறக்கவில்லை. ஒருவருக்கும் சொல்லவுமில்லை, பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று.

ஆனால் பதினான்கு வயதில் பாடசாலையை விட வேண்டியதாயிற்று. தாயார் மூட்டுவாத நோயினால் நடக்க முடியாதவர். அவரைப் பராமரிக்க வேறு ஆள் இல்லை. பதினான்கிலிருந்து முப்பது வயது வரை மேர்பி அந்த வீட்டில் தாயைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைத்து வாழ்ந்தார். இடையிடையே கிடைத்த சில வாரங்களில் பக்கத்து நாடுகளுக்குச் சைக்கிளில் போய்வந்தார். 1961இல் தந்தையார் இறந்தார். 1962இல் தாயாரும் இறந்தார். 1963 ஜனவரி 14ஆம் திகதி, தன் முப்பத்தோராவது வயதில், பிரான்ஸ் நாட்டின் டன்கேர்க் துறைமுகத்திலிருந்து இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். நமக்குத் தைப்பொங்கல் காலம். ஐரோப்பாவுக்கோ அது அந்த நூற்றாண்டின் மிகக் கடுமையான குளிர்காலங்களில் ஒன்று.

கோடைக்குக் காத்திருக்கலாமே என்று நாம் கேட்போம். இருபத்தொரு வருடம் காத்திருந்தவரிடம் இன்னும் ஆறு மாதம் பொறு என்று யார் சொல்வது?

அவருடைய வண்டி ஆம்ஸ்ட்ரோங் கடெற் என்ற வகைச் சைக்கிள். ஆண்கள் ஓட்டும் வண்டி. அதற்கு றொஸ் என்று பெயர் வைத்தார். ஸ்பானிய இலக்கியத்தின் டொன் கிகோத்தேயுடைய எலும்புந்தோலுமான குதிரை றொசினன்ரேயின் பெயரைச் சுருக்கியதே இது. ஆசியாவின் கரடுமுரடான வீதிகளில் உடைந்துவிடும் என்று அதன் மூன்று கியர்களையும் கழற்றிவிட்டார். கியர் இல்லாத பாரமான வண்டி, அதன்மேல் பொதி. நம் ஊரில் நெல்மூட்டை கட்டி உழக்கியவர்களுக்கு அதன் அருமை விளங்கும். போகும் வழியில் இருந்த நகரங்களுக்கு மாற்று ரயர்களை முன்கூட்டியே தபாலில் அனுப்பி வைத்தார். ஒரு சிறு கைத்துப்பாக்கியும் வாங்கிச் சுடப் பழகினார்.

துப்பாக்கி வீண்போகவில்லை. யூகோஸ்லாவியாவில் வீதியெங்கும் உறைபனி. சைக்கிள் ஓட்ட வழியில்லாமல் ஒரு லொறியில் ஏறினார். அந்த லொறி பனியில் சறுக்கி மரத்தில் மோதியது. சாரதிக்குக் காயம். உதவி தேடி இவர் இருட்டில், காட்டுவழியே நடந்து போனபோது ஓநாய்கள் பாய்ந்தன. ஒன்று தோளில் தொங்குகிறது. இன்னொன்று காற்சட்டையைக் கவ்வி இழுக்கிறது. சுட்டார், தப்பினார். இத்தகைய சம்பவத்தை வைத்து வேறொருவர் ஐம்பது பக்கம் எழுதியிருப்பார். இவர் சில வரிகளில் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குகிறார்.

ஏன் அப்படி? அந்த நூல் உண்மையில் நாட்குறிப்பு. அன்றன்று இரவு எழுதி, அயர்லாந்தில் இருந்த நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பியது. களைத்த உடம்போடு, மங்கிய வெளிச்சத்தில் எழுதுபவருக்கு அலங்காரம் செய்ய நேரமில்லை. 1965இல் நூலாக வந்தபோதும் அந்த நேர்மை அதில் மாறவில்லை. ஓட்ட முடியாத இடத்தில் ரயிலில் ஏறினேன், லொறியில் ஏறினேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்று அவர் போகப் போகப் பனி முடிந்து வெயில் சுடுகிறது. பிறகு பாபுசார் கணவாயில் மீண்டும் பனி. அங்கே சைக்கிள் அவரைச் சுமக்கவில்லை. அவர் சைக்கிளைச் சுமந்தார். 1963 ஜூலை 18ஆம் திகதி டில்லியை அடைந்தார்.

அடைந்ததும் மாலை போட்டுக்கொள்ளவில்லை. தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளின் முகாமுக்குப் போய்ப் புண் கழுவும் வேலையில் சேர்ந்தார். பதினாறு வருடம் நோயாளியைப் பராமரித்த கை அது. அதற்குப் பின்னரும் எழுதிக்கொண்டே இருந்தார். 1970களில் வட அயர்லாந்தில் குண்டும் துப்பாக்கியுமாக இருந்த காலத்தில் அங்கேயும் சைக்கிளில் போய், இரு தரப்புக் குடும்பங்களின் அடுப்படிகளிலும் இருந்து அவர்கள் சொன்னதைக் கேட்டு 1978இல் ஒரு நூல் தந்தார். சைக்கிளில் வருபவரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. கதவு திறக்கிறது, தண்ணீர் கொடுக்கிறார்கள், பேசுகிறார்கள். அவருடைய எழுத்தின் இரகசியம் பெரும்பாலும் அதுதான். 2022 மே மாதத்தில், தொண்ணூறு வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

மேர்பியின் நூலை நான் வாசித்தது எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். பாரிசவாதத்தால் விழுந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கும் என் தாயாரின் கட்டிலருகே இருந்துதான் வாசித்தேன். இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்ட வேண்டும். அந்த இடைவெளிகளில் பனியில் சைக்கிள் ஓட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலை அனுப்பியவர் என் நோர்வே நண்பர். முதற் பக்கத்தில், “மச்சான், இவவும் உன்னைப் போலத்தான்” என்று எழுதியிருந்தார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நான் இந்தியாவுக்குச் சைக்கிளில் போகக் காத்திருப்பவன் அல்லன். தாயின் இறப்புக்குப் பிறகு கிடைக்கும் விடுதலை எனக்கு வேண்டியதுமல்ல. ஆனால் வாசித்து முடித்தபோது கோபம் தணிந்துவிட்டது. அவர் அந்தப் பதினாறு வருடத்தைச் சிறை என்றும் சொல்லவில்லை, தியாகம் என்றும் சொல்லவில்லை. சலித்ததையும் சினந்ததையும் பின்னர் எழுதிய தன்வரலாற்றில் மறைக்காமல் சொன்னார். அந்த வாழ்க்கையில்தான் அவருக்குப் பொறுமை பழகியது. பனியில் தனியே போகிறவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

இனி நண்பரின் கதை. அவர் ஒவ்வொரு தை மாதமும் ஒரு வார விடுமுறை எடுத்துக்கொண்டு, தனியாகச் சைக்கிளில், கூடாரத்தோடு போகிறார். குளொம்மா என்ற ஆற்றின் ஓரமாக, பள்ளத்தாக்கு வழியே, ரோறொஸ் என்ற பழைய செப்புச் சுரங்க நகரத்தை நோக்கி. அந்தச் சுரங்கம் 1644இல் தொடங்கி 1977 வரை இயங்கியது. மரவீடுகள் நிறைந்த அந்த நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. போகும் வழியெல்லாம் ஊசியிலைக் காடு, ஆளரவம் இல்லை. நோர்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பயிர்செய்யாத வெளிநிலத்தில் எவரும் கூடாரம் அடிக்கலாம் என்கிறது. வீடுகளிலிருந்து 150 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டு இரவு தங்கலாம். காணிக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. வேலிக்கு வேலி வழக்காடும் ஊரில் பிறந்த எனக்கு இது அதிசயமாகவே இருந்தது.

என் மாணவியின் கேள்வியை அவருக்கு எழுதினேன். குளிர் கொல்லுமா? அவர் விரிவாகப் பதில் எழுதினார். அதிலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

குளிரில் முதல் எதிரி குளிர் அல்லவாம், வியர்வையாம். வேகமாக உழக்கினால் வியர்க்கும். நின்றவுடன் அந்த ஈரம் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே மெதுவாகவே ஓட்ட வேண்டும். ஏற்றம் வருமுன் ஒரு உடுப்பைக் கழற்ற வேண்டும். நின்ற கணமே போட வேண்டும். சக்கரத்துக்குள் இருக்கும் கிறீஸ் குளிரில் இறுகிவிடும். வண்டி வழக்கத்தைவிடப் பாரமாக ஓடும். பனிக்கட்டி படர்ந்த வீதிக்குச் சிறு ஆணிகள் பதித்த ரயர் வேண்டும். கூடாரத்தில் படுக்கும்போது மேலே போர்ப்பதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். நிலம் காற்றைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைக்க வேண்டும், மேற்பக்கத்தில் இருந்துதான் நீர் உறையத் தொடங்கும் என்பதால். இரவில் போத்தலையும் சப்பாத்தின் உட்பகுதியையும் படுக்கைப் பைக்குள் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காலையில் இரண்டும் கல்லாகிவிடும். மூச்சுக் காற்றுக் கூடாரத்தின் உட்சுவரில் படிந்து உறைகிறது. விடியற்காலையில் எழுந்து கூடாரத்தைத் தொட்டால் அவர் விட்ட மூச்சே அவர்மேல் பனியாகக் கொட்டுகிறது.

மிகப் பெரிய துன்பம் இரவின் நீளமாம். தை மாதத்தில் அங்கே பகல் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. மிகுதி பதினெட்டு மணித்தியாலம் இருட்டு. கூடாரத்துக்குள் ஒரு மனிதன் தன்னோடு தான் இருக்க வேண்டும். “குளிர் கொல்லும்தான், மச்சான். கவனமாய் இருந்தால் கொல்லாது. கவனமில்லாதவனையும் ஒதுங்க இடமில்லாதவனையும்தான் கொல்லும். உன்ரை பிள்ளைக்குச் சொல்லு” என்று முடித்திருந்தார்.

பனியில் சைக்கிளோட்டியவர்கள் புதிதாக வந்தவர்கள் அல்லர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். 1900ஆம் ஆண்டில் மக்ஸ் ஹேர்ஷ்பேர்க் என்ற இளைஞர், கனடாவின் டோசன் நகரத்திலிருந்து அலாஸ்காவின் நோம் நகரம் வரை, ஆயிரம் மைலுக்கு மேல், உறைந்த யூக்கோன் ஆற்றின் மீது சைக்கிளில் போனார். நோமில் தங்கம் கிடைத்த செய்திதான் காரணம். நாய்கள் இழுக்கும் வண்டி பனியில் விட்டுப்போன ஒடுங்கிய தடத்தில் சக்கரத்தை வைத்து ஓட்டினார். கடைசியில் சங்கிலி அறுந்துவிட்டது. தம் மேற்சட்டையைத் தடியில் கட்டிப் பாய்மரம் ஆக்கினார். காற்று அவரைப் பனிக்கட்டியின் மேல் தள்ளிக்கொண்டு போனது. பட்டினத்தார் கேட்டால் பொன்னாசை என்று தலையில் அடித்திருப்பார். ஆனால் என் வகுப்புப் பையன்களுக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஹேர்ஷ்பேர்க் பொன்னுக்காகப் போனார். மேர்பி சிறு வயதுக் கனவுக்காகப் போனார். என் நண்பர் எதற்காகப் போகிறார்? இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் தாயார். கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நா சற்றுக் குழறினாலும் அறிவு தெளிவானவர். “தம்பி, வீடு வாசல் இருக்க, உந்தப் பனியுக்கை என்னத்துக்கடா போய்ப் படுக்கிறான்?” என்று கேட்டார். அதை அப்படியே எழுதி அனுப்பினேன். நெடுநாள் பதில் இல்லை. பிறகு ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதைச் சொல்ல அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.

நேயர்களே, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமத்திலிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி ஒரே இரவில் வெளியேறினார்கள். பெருமழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி எடுத்து வைக்க அரை மணித்தியாலம் பிடித்தது. எனக்கும் நண்பருக்கும் அப்போது பதினாறு வயது. என் தகப்பனாரின் றலிச் சைக்கிளில் அரிசிச் சாக்கும், பானையும், என் புத்தகப் பையும். நண்பரின் சைக்கிளின் கரியரில் அவருடைய அம்மம்மா. ஓட்டவில்லை; உருட்டினோம். அன்றிரவு அந்த வீதியில் ஆயிரமாயிரம் சைக்கிள்கள் இருந்தன. ஒன்றில்கூட ஒருவரும் ஏறி உழக்கவில்லை. கைதடிக்கு அப்பால் வீதியோரத்தில், நனைந்த மண்ணில், விடியும்வரை இருந்தோம். அம்மம்மாவுக்கு உடம்பு நடுங்கியது, பற்கள் அடித்தன. போர்ப்பதற்கு எங்களில் ஒருவரிடமும் காய்ந்த துணி ஒன்று இருக்கவில்லை. அன்றைக்குத் தொடங்கிய சளியும் காய்ச்சலும் அவரை விடவில்லை. தை மாதத்தில், தஞ்சமடைந்திருந்த கொட்டிலில், கண்ணை மூடினார்.

நண்பர் எழுதியது இதுதான்: “அம்மாவுக்குச் சொல்லு. அம்மம்மாவின்ரை திவசத்துக்குத்தான் நான் அங்கை போறன். கோயிலிலை செய்யிறதும் செய்யிறனான். ஆனால் எனக்கு அது காணாது. அண்டைக்கு எனக்கு ஒண்டும் தெரியாது. ஈரத்தைக் கழட்ட வேணும், கீழை விரிக்க வேணும், சூடாய் ஏதும் குடிக்கக் குடுக்க வேணும் எண்டு ஒண்டும் தெரியாது. இப்ப எல்லாம் தெரியும். என்னட்டை இப்ப மூண்டு போர்வை இருக்கு மச்சான். ஒண்டு போதும். மற்ற ரண்டையும் சும்மாதான் கொண்டு போறன்.”

கடிதத்தைத் தாயாருக்கு வாசித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தின் பின், “அவ நல்ல மனுசி” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நெடுநல்வாடையை நான் மறுபடி எடுத்து வாசித்தேன். இருபது வருடமாகக் கற்பித்த பாட்டு. அதில் முதலில் வரும் மனிதர்கள் யார் என்பதை அன்றுதான் கவனித்தேன். அரசனோ அரசியோ அல்லர், கோவலர்கள். வெள்ளம் வந்ததால் தம் இடத்தை விட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு வேறு நிலத்துக்குப் போனவர்கள். தலையில் சூடிய பூமாலை மழையில் நனைந்து குலைந்திருக்கிறது. கூடிநின்று நெருப்பில் கை காய்ச்சுகிறார்கள். கன்னம் அடித்து நடுங்குகிறார்கள். அவர்களுடைய மனத்துயரைச் சொல்ல நக்கீரர் வைத்த சொல்லில் ‘புலம்பெயர்’ என்று வருகிறது. இன்று நாம் ஒரு தலைமுறையையே குறிக்கப் பயன்படுத்தும் சொல், ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே குளிரோடும் மழையோடும் சேர்ந்தே இருந்திருக்கிறது. புலம் பெயர்ந்ததனால் வந்த அந்தத் தனிமைதான் அவர்களுக்குப் பெரிய குளிர் என்று எனக்குத் தோன்றியது.

அதே பாட்டின் முடிவில் அரசன் வருகிறான். அவன் இருப்பது கூதிர்ப் பாசறை, குளிர்காலப் போர்முகாம். அரண்மனையில் தனக்காக ஒருத்தி உறங்காதிருக்க, இவன் தானாக விரும்பி வந்து வாடையில் கிடக்கிறான். நள்ளிரவில், விளக்குகள் காற்றில் சாய்ந்தெரிய, புண்பட்ட வீரர்களைப் பார்த்துப் பார்த்து நடக்கிறான். குதிரைகள் மழைத்துளியை உதறுகின்றன. அவனும் உறங்கவில்லை.

ஆக, ஒரே பாட்டில், ஒரே வாடையில், இரண்டு வகை மனிதர்கள். துரத்தப்பட்டுக் குளிரில் நிற்பவர்கள் ஒருபுறம். தாமாக வந்து குளிரில் நடப்பவன் மறுபுறம். பயணம் என்றும் இடப்பெயர்வு என்றும் நாம் பிரித்துச் சொல்லும் இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுபோலவே தெரியும். அதே வீதி, அதே சைக்கிள், கரியரில் அதே மூட்டை. திரும்பிப் போக ஒரு வீடு உண்டா என்பதில்தான் வேறுபாடு. மேர்பிக்கு லிஸ்மோரில் ஒரு வீடு இருந்தது. எல்லாப் பயணங்களிலிருந்தும் அங்கேயே திரும்பினார்; அங்கேயே இறந்தார். என் நண்பர் போன்றவர்களின் நிலை சிக்கலானது. கோவலராகப் புறப்பட்டவர், இன்று தன் விருப்பத்தோடு பாசறை அமைக்கிறார். அந்த இரவை மாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொரு தையிலும் அப்படி ஓர் இரவுக்குள் மறுபடி போய், இம்முறை ஆயத்தமாக இருந்து, விடியும்வரை காவல் இருந்துவிட்டு வருகிறார். புண்பட்டவர்களைப் பார்க்க நடந்த அரசனுக்கும் உறக்கம் வராததற்கு அதைப் போன்ற ஒரு காரணம் இருந்திருக்கக்கூடும்.

பயண இலக்கியம் என்றால் புதிய இடங்களைக் காட்டுவது என்று நாம் எண்ணுகிறோம். கோயில், கோபுரம், விலைவாசி, உணவு விடுதி என்று பட்டியல் போடும் நூல்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவை பயனற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மவர்கள் நடந்த வழிகள், உருட்டிய சைக்கிள்கள், உறைபனியில் கடந்த எல்லைகள் இன்னும் எழுதப்படாமலே இருக்கின்றன. எழுதுவதற்கு அலங்காரம் தேவையில்லை என்பதை மேர்பியின் நாட்குறிப்பு காட்டுகிறது. அன்றன்று நடந்ததை, ஓட்ட முடியாமல் லொறியில் ஏறியதையும் சேர்த்து, உண்மையாக எழுதினால் போதும். என் நண்பரிடம் இதைச் சொன்னேன். தனக்கு எழுத வராது என்கிறார். அவருடைய கடிதங்களை நான் கோவையாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவிக்கு விடை சொன்னேன். “கொல்லும், பிள்ளை. ஒரு சால்வை இல்லாதபோது எங்கள் ஊர் மழையே கொல்லும்” என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப மாடு கன்றை உதைக்கிற இடம் எனக்கு இப்ப விளங்குது, சேர்” என்றாள்.

வருகிற தையில் நண்பர் ஊருக்கு வருகிறார். நோர்வேயில் கூடாரம் அடிப்பதற்குப் பதிலாக, இம்முறை இருவருமாகச் சைக்கிளில் நாவற்குழிப் பாலம் கடந்து கைதடிக்கு அப்பால் அந்த இடம்வரை போவதென்று பேசியிருக்கிறோம். பதினைந்து கிலோமீற்றரும் வராது. அன்று ஓர் இரவு முழுவதும் பிடித்த தூரம். ஓட்டினால் ஒரு மணித்தியாலம். தகப்பனாரின் றலி கொட்டிலில் நிற்கிறது. ரயர் இரண்டும் புதிதாகப் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். பழைய டைனமோவும் அதில் இருக்கிறது. சுற்றிப் பார்த்தேன், இன்னும் வேலை செய்கிறது. அந்த ஒரு நாளைக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் சொன்னேன். “போர்வை ஒண்டு கொண்டு போங்கோ” என்றார்.

கொண்டுபோவோம்.